சுவரில் வளர்ந்த கை

சங்குத்துறை ரயில் நிலையத்தின் பழைய மேம்பாலத்தைக் கழற்றி இறக்கிய அன்று ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. சில்வியா மட்டும் தண்டவாளத்துக்கு அடியில் இறங்கும் சப்வே படிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நிலையம் வெகு பழையது. கரி இன்ஜின் ஓடிய காலத்தில் கட்டியது. சுவர்களில் காரை பெயர்ந்துவிட்டது. இரும்புத் தூண்களைக் கடற்காற்று அரித்துவிட்டது. மேம்பாலத்தில் நடந்தால் ஓட்டை வழியாகக் கீழே தண்டவாளம் தெரியும். இப்போது எல்லாவற்றையும் புதுப்பிக்கப் போகிறார்கள். புதுப் பாலம், புதுக் கூரை, உட்கார நல்ல பெஞ்சுகள். நல்ல விஷயம்தான். ஆனால் புதுப் பாலம் வரும்வரை தண்டவாளத்தின் அந்தப் பக்கம் போக ஒரே வழி சப்வே.

சில்வியாவின் வீடு கடல் பக்கம் இருந்தது. பள்ளிக்கூடம் மறுபக்கம். அவள் ஐந்தாம் வகுப்பு, தம்பி ஃப்ரெடி ஒன்றாம் வகுப்பு. தண்டவாளத்தில் கால் வைக்கவே மாட்டோம் என்று இருவரும் அம்மாவின் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள்.

சப்வேயில் யாரும் அதிகம் போனதில்லை. செங்கல் சுவர், குகை மாதிரி வளைந்த கூரை, எப்போதும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும் ஒரு டியூப் லைட். மேலே வண்டி போனால் கூரை முழுவதும் உறுமும். பேசினால் பேச்சு திரும்பி வரும்.

முதல் நாள் காலை, அவள் வகுப்பில் படிக்கும் ஒவைஸும் கூட வந்தான். பாதி தூரம் தாண்டியதும் நின்று, சுவரைக் காட்டினான்.

"அத்தப் பாத்தியா?"

சுவரில் ஈரம் படர்ந்து ஒரு கறை இருந்தது. அகலமான உள்ளங்கை. அதிலிருந்து மேல்நோக்கி நீண்ட விரல்கள். யாரோ சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கையை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது.

கரி இன்ஜின் காலத்தில் இங்கே வேலை செய்த ஒருவர் தண்ணீரில் விழுந்து செத்துப்போனார் என்றும், அவர்தான் வெளியே வரக் கையை நீட்டிக்கொண்டே இருக்கிறார் என்றும் ஒவைஸ் சொன்னான். அவன் அத்தா, அதாவது அப்பா, சொன்னாராம். பாதிக் கதை அத்தா சொன்னது, மீதி ஒவைஸே சேர்த்தது என்பது சில்வியாவுக்குப் புரிந்தது. எந்தப் பாதி யாருடையது என்றுதான் தெரியவில்லை.

"இங்க ஏது தண்ணி?" என்று கேட்டாள்.

ஒவைஸ் பதில் சொல்வதற்குள், கொஞ்ச தூரத்தில் தரையில் கிடந்த சாக்கு மூட்டை ஒன்று புரண்டு படுத்தது. அப்புறம் எழுந்து உட்கார்ந்தது. தலையிலும் காதிலும் துண்டைச் சுற்றியிருந்த அந்த உருவம், "ஏ பிள்ளைகளா, மணி என்ன ஆச்சு?" என்று கேட்டது.

மூன்று பேரும் எப்படி மேலே வந்து சேர்ந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

அந்த உருவத்தின் பெயர் முப்பிடாதி. தென்காசிப் பக்கத்துக்காரர், கொத்தனார். ராத்திரி ரயில்கள் ஓடாத நேரத்தில் நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு, காலையில் வெயில் படாத சப்வேயில் வந்து தூங்குவார். இதையெல்லாம் பூவம்மா சொன்னாள். பூவம்மா விடிகாலையிலேயே காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு ரயிலில் வந்து, பள்ளிக்கூடப் பக்க நடைமேடையில், சப்வே படிக்கட்டுக்குப் பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருப்பாள். பிள்ளைகள் மூச்சிரைக்க ஓடி வந்ததைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் கூடை மேல் இருந்த காக்கை பறந்துவிட்டது.

முப்பிடாதி பேய் இல்லை. சரி. ஆனால் அந்தக் கை?

அந்த வாரம் தினமும் ராத்திரி தூறல் போட்டது. மறுநாள் கை கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. அதற்கு மறுநாள் இன்னும் பெரிதாக. ஃப்ரெடி அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடியே நடந்தான். வீட்டில் சொன்னபோது அம்மா, "கடலோரத்துல எந்தச் சுவத்துலதான் ஈரம் இல்ல" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

சில்வியாவும் அதையே தனக்குச் சொல்லிப் பார்த்தாள். வெறும் ஈரம். ஆனால் இருட்டில் படுத்தால் அந்த விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. பயப்படுகிறவர்களுக்கு எல்லாமே பெரிதாகத்தான் தெரியும். கை நிஜமாகவே வளர்கிறதா, இல்லை தன் பயம்தான் வளர்கிறதா? இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

வகுப்பில் கரும்பலகையின் கீழே கிடந்த சாக்பீஸ் துண்டு ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

அன்று மாலை வீடு திரும்பும்போது, ஃப்ரெடியைப் படிக்கட்டில் நிற்க வைத்துவிட்டுச் சுவரருகே போனாள். கறையின் ஓரத்திலேயே, உள்ளங்கையைச் சுற்றி, ஒவ்வொரு விரலாகக் கோடு இழுத்தாள். சுண்டு விரலை முடிக்கும்போது மேலே ஒரு சரக்கு வண்டி போனது. சாக்பீஸை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாள்.

அடுத்த நாள் காலையில் பார்த்தபோது, விரல்கள் கோட்டைத் தாண்டியிருந்தன.

"வளருது," என்றான் ஒவைஸ். இந்த முறை அவன் குரலில் விளையாட்டு இல்லை. கதையைச் சொன்னவனே பயந்துபோயிருந்தான்.

மூவரும் வந்த வழியே கடல் பக்க நடைமேடைக்குத் திரும்பி ஓடினார்கள். ஃப்ரெடி அழ ஆரம்பித்தான். தண்டவாளத்தையே தாண்டிப் போகலாம், அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினான். சில்வியாவுக்கும் ஒரு நொடி அப்படித் தோன்றியது. ஆனால் அப்போதுதான் நடைமேடையை ஒட்டி, சென்ட்ரல் போகும் வண்டி ஒன்று நிற்காமல் சீறிக்கொண்டு போனது. அந்தக் காற்றிலேயே ஃப்ரெடி பின்னால் சாய்ந்தான். அவனைத் தன்னோடு அணைத்துக்கொண்டு சப்வே வழியாகவே கூட்டிப்போனாள்.

அன்று ராத்திரி பேய் மழை பெய்தது.

காலையில் மழை விட்டிருந்தது. மூவரும் சப்வே படிகளில் இறங்கினார்கள். தரை முழுவதும் ஈரம். டியூப் லைட் சிமிட்டிச் சிமிட்டி எரிந்தது. முப்பிடாதி நடுவில் தன் வழக்கமான இடத்தில், தரை கொஞ்சம் மேடாக இருந்த ஓரத்தில், சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டி நடந்தார்கள். கை இருந்த இடம் வந்தது.

இப்போது அங்கே கையே இல்லை. கறை சுவர் முழுவதும் பரவி, சாக்பீஸ் கோடு கரைந்து வழிந்திருந்தது. செங்கற்களின் இடுக்கிலிருந்து 'ஸ்ஸ்' என்ற சத்தத்தோடு தண்ணீர் கசிந்தது. சுவர், சாப்பிட்ட வயிறு மாதிரி முன்னால் தள்ளியிருந்தது.

சில்வியா குனிந்து, கசிந்த தண்ணீரை விரலால் தொட்டாள். நறநறவென்று இருந்தது. மண்.

போன புயலின்போது பக்கத்து வீட்டுப் பின்சுவரை அவள் பார்த்திருக்கிறாள். முதலில் ஈரம். அப்புறம் இடுக்கு வழியாகத் தண்ணீர். அப்புறம் தண்ணீரோடு மண். மண் வந்த கொஞ்ச நேரத்தில் சுவர் மொத்தமாகக் குப்புற விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"ஓடு," என்றாள். "மேல ஏறு. ரெண்டு பேரும்."

படியேறி நடைமேடைக்கு வந்ததும் ஒவைஸிடம், பெரிய இன்ஜினியரைக் கூட்டி வரச் சொன்னாள். நடைமேடையின் கடைசியில் தகர ஷெட் ஒன்றுதான் கட்டுமான வேலைக்கான அலுவலகம். எழில்மொழி என்ற அந்த இன்ஜினியர் அக்கா, மஞ்சள் தொப்பியோடு அங்கே இருப்பார். "பேயின்னு சொல்லாத. சுவத்துலேர்ந்து தண்ணியும் மண்ணும் வருதுன்னு சொல்லு." ஒவைஸ் பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினான்.

தூரத்தில் ஹாரன் கேட்டது. சென்ட்ரலிலிருந்து வரும் வண்டி. அதில் கடல் பக்கக் கண்டெய்னர் யார்டு வேலைக்குப் போகிறவர்கள் கூட்டமாக வருவார்கள். இறங்கியதும் இந்தச் சப்வேக்குள்தான் நுழைவார்கள்.

சில்வியா பூவம்மாவிடம் எல்லாவற்றையும் படபடவென்று சொன்னாள். பூவம்மா வெற்றிலையை மெல்வதை நிறுத்தினாள்.

"மெய்யாலுமா சொல்ற?"

"மண்ணோட வருது ஆயா. நானு தொட்டுப் பாத்தேன்."

பூவம்மா அவள் விரலைப் பிடித்துப் பார்த்தாள். நகக்கண்ணில் மண் ஒட்டியிருந்தது. வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் வண்டி வந்துவிட்டது. யார்டுக்குப் போகிற அவசரக்காரர்களை ஒரு கிழவியும் ஒரு சின்னப் பெண்ணும் எப்படி நிறுத்துவது?

சில்வியா மீன் கூடையைப் பார்த்தாள். "ஆயா, இத்தப் படி மேல வெச்சிரலாமா? யாரும் மீனத் தாண்ட மாட்டாங்க."

இருவரும் கூடையை இழுத்து, சப்வேயின் முதல் படியில் குறுக்கே வைத்தார்கள். போதாதென்று பூவம்மா மீன் கழுவிய தண்ணீரையும் படியில் கவிழ்த்தாள். கவுச்சி நாற்றம் குப்பென்று எழுந்தது. இஸ்திரி போட்ட பேன்ட்டோடு வந்தவர்கள் எல்லாரும் படிக்கு முன்னால் சட்டென்று நின்றார்கள்.

"இன்னாம்மா இது, வழில?" என்று ஒருவர் கத்தினார்.

"வழிதான் நைனா. ஆனா இன்னிக்கு இல்ல," என்றாள் பூவம்மா. அவளை நகர்த்த யாருக்கும் தைரியம் வரவில்லை.

சில்வியா மூச்சு விட்டாள். விட்ட மூச்சு பாதியிலேயே நின்றது.

முப்பிடாதி.

அவர் உள்ளேயே தூங்குகிறார். அவர் அங்கே படுப்பது இந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. படியின் ஓரத்தில் நின்று பெயர் சொல்லிக் கத்தினாள். சப்வே அவள் குரலையே திருப்பித் தந்தது. அவர் காதில்தான் துண்டு இருக்கிறதே.

திரும்பிப் பார்த்தாள். ஒவைஸ் நடைமேடையின் கோடியில் சின்னப் புள்ளியாகத் தெரிந்தான். மஞ்சள் தொப்பி எதுவும் தெரியவில்லை. கூட்டம் கூச்சலிட்டுக்கொண்டிருந்தது. யாரிடம் சொல்லிப் புரிய வைப்பது?

"ஆயா, ஃப்ரெடியப் புடிச்சுக்க," என்றாள்.

பூவம்மா அவளைப் பிடிக்கக் கையை நீட்டியபோது, சில்வியா கூடையைத் தாண்டிவிட்டிருந்தாள்.

கீழே தண்ணீர் இப்போது கணுக்கால் வரை வந்திருந்தது. குளிர்ந்த, கறுத்த தண்ணீர். அவர் படுத்திருக்கும் இடத்துக்குப் போக அந்தச் சுவரைத் தாண்டியாக வேண்டும். எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தாள். கண்ணை மூடிக்கொள்ள ஆசையாக இருந்தது. மூடினால் விழுந்துவிடுவோம் என்று திறந்தே வைத்திருந்தாள். அவள் கண்ணெதிரிலேயே ஒரு செங்கல் மெதுவாக, யாரோ உள்ளேயிருந்து தள்ளுவதுபோல் வெளியே வந்து, 'தொப்' என்று தண்ணீரில் விழுந்தது.

முப்பிடாதியின் கால் பக்கம் தண்ணீர் எட்டியிருந்தது. அப்போதும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். உலுக்கினாள். புரண்டு படுத்தார். துண்டை உருவிக் காதில் கத்தினாள். "இன்னும் செத்த நேரம்" என்று முனகினார். சில்வியாவுக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மொத்தத்தையும் அவர் முகத்தில் கொட்டினாள்.

அவர் துள்ளி எழுந்தார். "ஏ பிள்ள, என்ன செய்யுத?"

சில்வியா சுவரைக் காட்டினாள்.

அவர் ஒரே ஒரு தடவைதான் பார்த்தார். அடுத்த கணம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கடல் பக்கப் படிக்கட்டை நோக்கி ஓடத் தொடங்கினார். பின்னால் முதலில் ஒரு முறிவுச் சத்தம். அப்புறம் மலை சரிந்ததுபோல் ஒரு முழக்கம். டியூப் லைட் அணைந்தது. இருட்டு. தண்ணீர் முழங்காலை அடித்தது, இடுப்பை அடித்தது. சில்வியாவின் கால் தரையில் படவில்லை. அந்தப் பெரிய, சொரசொரப்பான கை மட்டும் அவளை விடவில்லை. அவர் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஒரு படி. இன்னொரு படி. அப்புறம் வெளிச்சம்.

கடல் பக்க நடைமேடையில் இருவரும் விழுந்து கிடந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து முப்பிடாதி எழுந்து, தாங்கள் ஏறி வந்த படிக்கட்டில் இறங்க வந்தவர்களைக் கையை விரித்துத் தடுத்தார்.

சில்வியாவுக்கு வேறொரு பயம் பிடித்தது. ஃப்ரெடி. அந்தச் சத்தத்தை அவனும் கேட்டிருப்பான். அக்கா உள்ளே போனதைப் பார்த்தவன். எதிர் நடைமேடையில் நிற்கும் வண்டி நடுவே மதில் மாதிரி மறைத்தது. அது நகரவும் இல்லை. அவள் நடைமேடையின் ஓரமாகவே ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு ஓடினாள்.

ஒரு பெட்டியின் இந்தப் பக்க வாசல் வழியாக, அந்தப் பக்க வாசல் தெரிந்தது. அதற்கும் அப்பால் பூவம்மாவின் பச்சைச் சேலை தெரிந்தது. அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஃப்ரெடி வாய் திறந்து அழுதுகொண்டிருந்தான். சத்தம் கேட்கவில்லை.

"ஃப்ரெடி," என்று கூப்பிட்டாள். குரல் கீச்சென்று வந்தது.

பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த ஒருவர் அதைக் கேட்டு, திரும்பி, அந்தப் பக்கம் பார்த்து, "டேய் தம்பி, உங்கக்கா இங்க கீது பாரு," என்றார். ஃப்ரெடி நிமிர்ந்தான். இரண்டு வாசல்களுக்கும் நடுவே அக்காவின் முகத்தைப் பார்த்தான். அழுகையை நிறுத்தவில்லை. ஆனால் கையை ஆட்டினான்.

எழில்மொழி அதற்குள் வந்து சேர்ந்திருந்தார். விழுந்தது நடைமேடைக்கு அடியில் வரும் சப்வே சுவர்தான், தண்டவாளத்தைத் தாங்கும் தூண்கள் உறுதியாகவே இருக்கின்றன என்று நன்றாகப் பார்த்த பிறகே வண்டியை விட்டார்கள். அது ஆமை மாதிரி ஊர்ந்து போனது.

மறுநாள் மாலை எழில்மொழி சில்வியாவின் வீட்டுக்கே வந்து, நடந்ததைச் சொன்னார். சுவருக்குப் பின்னால் பெரிய செங்கல் தொட்டி ஒன்று இருந்ததாம். கரி இன்ஜின்கள் தாகத்துக்கு நின்று தண்ணீர் குடித்துப் போன தொட்டி. மின்சார வண்டிகள் வந்ததும் அதற்கு வேலை இல்லாமல் போனது. மேலே மூடினார்கள், நடைமேடையை உயர்த்தினார்கள், அப்புறம் எல்லாரும் மறந்துபோனார்கள்.

"நாங்க புதுசா வெட்டுன வாய்க்கால்லேர்ந்து மழைத்தண்ணி அதுல எறங்கிகினே இருந்திருக்கு. எங்களுக்குத் தெரியல. உனக்குத் தெரிஞ்சிது," என்றார். பிறகு கொஞ்சம் கடுமையாக, "இனிமே இந்த மாதிரி உள்ள ஓடக் கூடாது. சரியா?" என்றார்.

சில்வியா தலையாட்டினாள். அப்பா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் கை லேசாக நடுங்குவதை அவள் உணர்ந்தாள். பயப்படுகிறவள் தான் மட்டும் இல்லை என்பது அவளுக்கு என்னவோ ஆறுதலாக இருந்தது. அதன்பின் பல நாட்கள் அவள் விளக்கை எரியவிட்டுத்தான் தூங்கினாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

புது மேம்பாலம் வரும்வரை ஊர்க்காரர்கள் சுற்று வழியாகப் போனார்கள். தொட்டியிலிருந்து தண்ணீரை இறைத்து, சேற்றை வாரி, விழுந்த சுவரை முப்பிடாதியும் மற்றவர்களும் கட்டி எழுப்பினார்கள். தொட்டியை இடிக்கவில்லை. வளைவு வளைவாகச் செங்கல் அடுக்கிய அந்த அழகைப் பார்த்துவிட்டு, மேலே கம்பி வலை போட்டு, எல்லாரும் எட்டிப் பார்க்கும்படி விட்டுவிட்டார்கள். அதற்குள் பேய் எதுவும் இல்லை என்று ஒவைஸ்தான் முதலில் பார்த்துச் சொன்னான். கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னான்.

பாலம் திறந்த அன்று சில்வியாவும் ஃப்ரெடியும் உச்சிக்கு ஏறி நின்றார்கள். ஒரு பக்கம் கடலும் கப்பலும், மறுபக்கம் புகைபோக்கிகளும் பள்ளிக்கூடக் கூரையும் தெரிந்தன. முப்பிடாதி தோள் பையோடு வந்தார். இங்கே வேலை முடிந்தது, அடுத்த வேலை அத்திப்பட்டில் என்றார். போகும் முன் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டு, சில்வியாவின் கையில் கொடுத்தார்.

"எம் மவ. உங்கிட்ட பேசணுமாம்."

மறுமுனையில் சில்வியா வயதுப் பெண் குரல் ஒன்று, வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டது.

"எங்கப்பாவ நீதான் எழுப்புனியாமே? எங்கம்மாவாலயே முடியாதே. எப்படி எழுப்புன?"

"பாட்டில் தண்ணி மொத்தமும் மூஞ்சில ஊத்திட்டேன்," என்றாள் சில்வியா.

அந்தப் பக்கம் "யம்மா, இங்க வாயேன்" என்று கூப்பிடுவது கேட்டது. அப்புறம் ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பு சில்வியாவையும் பிடித்துக்கொண்டது. வயிறு வலிக்கும்வரை சிரித்தாள்.

இனி ஊருக்குப் போய்த் தூங்கினால் தன் முகத்துக்கு என்ன காத்திருக்கிறது என்று தெரியாமல், முப்பிடாதியும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.